முன்கூட்டிச் சொன்ன பொய்கள்

அவர் என்னிடம் முதலில் சொன்ன சொல்லே பொய்தான்.

பொன்னமராவதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக நானும் என் அம்மாவும் வெயிலில் நின்றிருந்தோம். பக்கத்துக் கிராமத்தில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு உதவி ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் விறுவிறுவென்று வந்தார். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க டீச்சரம்மா. வீடெல்லாம் பாத்து, வெள்ளையடிச்சு வச்சாச்சு."

ஊருக்குள் போன பிறகு பார்த்தால் வீடு என்று ஒன்றும் இல்லை. எங்களைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து, ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டு எங்கோ மறைந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஊருணிக்கரைத் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீடு திறந்து, கழுவி, தெருப்பக்கச் சுவரில் மட்டும் ஈர வெள்ளையோடு எங்களுக்காகக் காத்திருந்தது. மற்றச் சுவர்களைக் காட்டிக் கேட்டேன்.

"அதுக காலையில ஆயிரும். வாசப்பக்கந்தானே ஆளுக பாக்குறாக?" என்றார்.

காலையில் ஆயிற்று. அந்த வீட்டில் பல வருஷம் இருந்தேன்.

நான் எதையும் வகைப்படுத்தி வைக்கிறவள். நாட்குறிப்பில் கூட வானிலை ஓரிடம், பள்ளிக்கூடம் ஓரிடம், வீடு ஓரிடம் என்று பிரித்துத்தான் எழுதுவேன். மனிதர்கள் பேசுவதையும் மெய், பொய் என்று இரண்டாகத்தான் பிரித்திருந்தேன். அவருடைய பேச்சை இரண்டில் எதிலும் வைக்க முடியவில்லை. ஒரு காரியத்தை முதலில் நடந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார். பிறகு அதை நடத்திவைக்க ஓடுவார்.

அந்தக் காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கிராமங்களில் பெண்பிள்ளைகள் தெருவில் தனியாக நடந்து பள்ளிக்கூடம் வரமாட்டார்கள். வீடு வீடாகப் போய் அவர்களைக் கூப்பிட்டு, வரிசையாகக் கொண்டுவந்து சேர்த்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருந்தோம். சம்பளப் பட்டியலில் அந்த வேலைக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. ஊரில் சிறுசு பெருசு எல்லோருக்கும் அவர் பள்ளிக்கூடத்தக்கா. சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாரியம்மன் கோயில் சந்தில் தனியாக இருந்தார். கணவர் மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். கேட்டால், "வார தையில வந்துருவாக, கடுதாசி வந்துச்சு" என்பார். எந்தத் தை என்று நாங்கள் கேட்பதில்லை.

காலையில் அவர் கூப்பிடப் போகும்போது சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பொய் வைத்திருந்தார். கொல்லர் வீட்டில், "இன்னிக்கு ஒங்க மகதான் சாமி பாட்டுப் பாடணும், அது வராம மணியே அடிக்க மாட்டாகளாம்." அடுத்த வீட்டில், "பெரிய டீச்சரு நேத்துப் பூரா ஒங்க பிள்ளையப் பத்தித்தான் பேச்சு." ஒரு நாள் எங்கும் ஒரே பொய்யாகச் சொல்லிவிட்டார்: பள்ளிக்கூடத்தில் இன்று எல்லோருக்கும் எள்ளுருண்டை.

அன்று வராத பிள்ளை இல்லை. இடம் போதாமல் வாசற்படி வரைக்கும் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை ஆஸ்துமாக்காரர். கோபம் வந்தால் முதலில் இருமல்தான் வரும். இருமி முடித்து, "எள்ளுருண்டைக்கு நான் எங்கே போவேன்? இவளை இன்றோடு நிறுத்துகிறேன்" என்றார்.

மத்தியானத்துக்கு முன்பு செக்கடி வீட்டிலிருந்து ஒரு பித்தளைத் தூக்கு நிறைய எள்ளுருண்டை வந்தது. அந்த வீட்டுப் பெண் கணக்கில் முதலாவதாக வந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தக்கா அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் இடித்து உருட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "டீச்சரம்மா, அந்தப் பிள்ளைக்குக் கணக்குல மொத எடம் குடுத்துருங்க."

"அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடே வராது. கொடுக்க முடியாது."

"என்னைக்குக் குடுப்பீக?"

"வரும்போது கொடுப்பேன்."

அந்த வாரம் முழுவதும் இடைவேளைகளில் அவரும் அந்தப் பெண்ணும் புளியங்கொட்டைகளோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆனாலும் ஏழு ஏழாகக் கூறு வைத்து, "இன்னும் ஒரு கூறு, இப்பச் சொல்லு" என்று விரட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வாய்க்கணக்கில் அந்தப் பெண் முதலாவதாகத்தான் வந்தாள். நான் முதலிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தக்கா வாசலில் நின்று, இதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோன சங்கதி என்பதுபோல் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு மெய் பேசச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் பொய் சொல்லி ஆள் சேர்ப்பது சரியில்லை என்று அவரிடம் நேராகவே சொன்னேன்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ளதை மட்டும் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கக்கா."

"என்னன்னு சொல்லணும்?"

"பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளையை அனுப்புங்கள் என்று."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் அப்படியே செய்தார். மணியடித்த பிறகு இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அதில் ஒன்று எங்கள் தலைமையாசிரியையின் தங்கை மகள்.

"உண்மைக்கு வந்தது இம்புட்டுத்தான் டீச்சரம்மா" என்றார். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இது நடந்து அடுத்த வருஷம் கல்வி இலாகாவிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஆண்டுப் பரீட்சைக்கு ஐந்தாம் வகுப்பில் நான்கு பெண்களாவது உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அந்த வகுப்பை எடுத்துவிடுவோம் என்று. எடுத்துவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் படிப்பு நாலாவதோடு சரி. பொன்னமராவதிப் பள்ளிக்கூடத்துக்கு எந்த வீட்டிலிருந்தும் அனுப்பமாட்டார்கள்.

எங்களிடம் ஐந்தாவதில் இருந்தவர்களே நான்கு பேர்தான். அவர்களில் நன்றாகப் படித்தவள் அழகம்மை. நெல் வியாபாரியின் மகள். அவளுடைய அண்ணன் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அதே ஐந்தாவதில் இரண்டு தடவை தவறிவிட்டு, இப்போது கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். "நானே தாண்டாததை நீ தாண்டிருவியாக்கும்" என்று சோறு தின்னும்போதெல்லாம் சொல்வானாம். அவனுக்கு முன்னால் ஒரே தடவையில் தாண்டிக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அழகம்மைக்கு வேறு நினைப்பு இல்லை. கோலம் போடும்போது கூட நதிகளின் பெயரை முணுமுணுப்பதாக அவள் அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு காலையில் பள்ளிக்கூடத்தக்கா ஐந்தாவதில் மூன்று பேரை மட்டும் கொண்டுவந்தார்.

"அழகம்மை சமஞ்சிருச்சு டீச்சரம்மா."

தலைமையாசிரியை இருமத் தொடங்கிவிட்டார். பெரியவளான பெண்ணைப் பதினாறு நாள் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். தாய்மாமன் கொல்லையில் கட்டித்தரும் பச்சை ஓலைக் குச்சிலில்தான் அவள் இருக்க வேண்டும். ஆண்கள் பார்க்கக் கூடாது, யாரும் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை.

"மூன்று பேர்தான். வகுப்பு போயிற்று" என்றார் தலைமையாசிரியை.

"எங்கிட்டுப் போகுது? இன்ஸ்பெட்டரம்மாவே குச்சிலுக்கு வந்து பரீட்சை வப்பாகன்னு அவுக வீட்டுல சொல்லிட்டு வந்துட்டேன். சர்க்காரு உத்தரவுன்னும் சொல்லிட்டேன்."

"அப்படி ஓர் உத்தரவே கிடையாதே" என்றேன்.

"இனிமே இருக்கும்" என்றார்.

பரீட்சை நாளன்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் புதுக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். உயரமானவர், கறுப்புக் குடை, எவர் கொடுத்தாலும் காபி குடிக்கமாட்டார். எங்கள் ஐந்தாம் வகுப்பைப் பற்றி வருஷா வருஷம் ஒரே குறையைத்தான் எழுதிவந்தார்: மாணவிகள் தரையில் உட்காருகிறார்கள், பெஞ்சு இல்லை. அன்றும் தரையைப் பார்த்தார். பிறகு தலைகளை எண்ணினார்.

"நான்கு பெயர் கொடுத்திருக்கிறீர்கள். நான்காவது பெண் எங்கே?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். வாசற்பக்கமிருந்து குரல் வந்தது.

"வீட்டுல இருக்குங்கம்மா. அவுக அப்பா அஞ்சாவதுக்கு ஒரு பெஞ்சு செஞ்சு தாரேன்னு சொல்லிட்டாரு. அம்மா கையாலதான் வாங்கிக்கிறணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஒரு எட்டு வந்தீகன்னா அந்தப் பிள்ளையவும் பாத்துரலாம்."

"பெஞ்சா?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள். குடையைக் கையில் எடுத்தார்.

நெல் வியாபாரி வீட்டில் சர்க்கார் உத்தரவை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். மகள் பெரியவளானதற்குச் சமஸ்தானத்து அதிகாரியே சபைக்கு வருகிறார் என்று உறவுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெருவில் வாழைமரம் கட்டியிருந்தது. நாங்கள் முக்குத் திரும்பியதும் மேளம் தொடங்கியது. தாம்பாளத்தில் சந்தனமும் மாலையும் வந்தன.

"இதெல்லாம் என்ன?" என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் என்னைக் கேட்டார்.

நான் உள்ளதைச் சொன்னேன். நடுத்தெருவில் நின்று வாழைமரத்தையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"பரீட்சை எழுத அந்தப் பெண்ணுக்கு விருப்பமா?"

"அதற்காகத்தான் உயிரை வைத்திருக்கிறாள்."

"மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள்."

கொல்லையில் கிணற்றுக்குப் பக்கத்தில் குச்சில் இருந்தது. அதன் வாசலில் குறுக்கே, தீட்டுக்கு அடையாளமாக, ஓர் உலக்கை. வெளியே நாற்காலி போட்டார்கள். உள்ளே அழகம்மை இருப்பது ஓலையிடுக்கில் ஒரு பாவாடை ஓரமாக மட்டும் தெரிந்தது. பெண்கள் எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆண்கள் முன்கட்டில். அண்ணன் முன்கட்டிலிருந்து, "வாந்தி வருதுன்னு சொல்லித் தப்பிச்சுக்க தங்கச்சி!" என்று கத்தினான். உள்ளிருந்து, "நீ போயி மூட்டைய எண்ணு!" என்று பதில் வந்தது.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் சொல்வதெழுதல் கொடுத்தார். நீளமான ஒரு பத்தி. உள்ளே பலப்பம் கீச்சிடும் ஓசை. முடிந்ததும் ஓலைக்கு அடியில் சிலேட்டு மெல்ல வெளியே வந்தது. நான் எடுக்கக் குனிந்தேன்.

"தொடாதீங்க! தீட்டு!" என்று அழகம்மையின் அத்தை ஓடிவந்தார். கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. தீட்டுக் கழியட்டும் என்று சிலேட்டின் மேல் தாராளமாகத் தெளித்துவிட்டு, "இப்ப எடுத்துக்கங்க" என்றார்.

எடுத்தேன். கறுப்புக் கல்லும் மஞ்சள் தண்ணீரும்தான் இருந்தன. எழுத்து ஒன்றும் இல்லை.

தான் செய்தது இன்னதென்று தெரியாமலே அத்தை செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எழுத்து அழிந்துவிட்டது. இன்னொரு முறை எழுத வேண்டும்" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள்.

"எல்லாஞ் சரியாத்தான் எழுதியிருந்தேன்." உள்ளே குரல் உடைந்திருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "எழுதுறேன். மொதல்ல அத்தைய அங்கிட்டுப் போகச் சொல்லுங்க."

அத்தையைப் பள்ளிக்கூடத்தக்கா தோளைப் பிடித்து முன்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டாம் முறை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வேறொரு பத்தி கொடுத்தார். சிலேட்டு வெளியே வந்ததும், சுற்றியிருந்தவர்கள் மூச்சை இழுக்கும்போதே தன் கையால் எடுத்துப் படித்தார். பிழை ஒன்றும் இல்லை. கணக்கு கொடுத்தார். வாய்க்கேள்வி கேட்டார்.

"வெள்ளாறு எங்கே போய்ச் சேருகிறது?"

"வங்காள விரிகுடாவுல, மணமேல்குடிக்கு வடக்க" என்றது ஓலை.

தேறினாள் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். எதற்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. முன்கட்டில் அண்ணனின் குரலே இல்லை.

புறப்படும்போது நெல் வியாபாரி தாம்பாளத்தோடு வந்து நின்றார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் சந்தனத்தை மட்டும் தொட்டுக்கொண்டார்.

"ஐந்தாம் வகுப்புக்குப் பெஞ்சு கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம்."

வியாபாரி தாம்பாளத்தைத் திண்ணையில் வைத்தார். சம்பந்தம் பேச வந்தவர்கள், மைத்துனர்மார், பங்காளிகள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தக்கா ஓட்டின் மேல் இருந்த ஒரு காக்காயைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றார் வியாபாரி. "வேம்பு அறுத்துப் போட்டிருக்கேன்."

அதிகாரி போன பிறகு பள்ளிக்கூடத்தக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஏன் பள்ளிக்கூடத்தக்கா, நான் எப்பச் சொன்னேன்?"

"நாளைக்குச் சொல்லுவீக. நான் இன்னைக்கே சொல்லிட்டேன்."

அவர் கோபப்படத்தான் பார்த்தார். சிரிப்பு முந்திக்கொண்டது. நாங்கள் கிளம்பும்போது பள்ளிக்கூடத்தக்கா மட்டும் திரும்பக் கொல்லைக்குப் போய், ஓலையில் வாயை வைத்து உள்ளே ஏதோ சொல்லிவிட்டு வந்தார். எனக்குக் கேட்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு நிலைத்தது. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தபோது வேப்பமரப் பெஞ்சும் வந்தது. நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். நாலாவது வகுப்பிலிருந்து தேறி வந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். அழகம்மை வரவில்லை. வருவாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, அவளுக்கு மேலே எங்களிடம் வகுப்பும் இல்லை. ஆவணியில் கொடும்பாளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தப் பெஞ்சைப் பற்றி ஒரு விஷயம் எனக்குப் புரியாமல் இருந்தது. பெண்கள் எல்லோரும் ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். சன்னலோரத்து இடம் காலியாகவே கிடக்கும். இடம் போதாதவள் தரையில் உட்காருவாள். காற்று வரும் நல்ல இடம் அது. ஒரு நாள் ஒருத்தியை அங்கே உட்காரச் சொன்னேன். அழுதுவிட்டாள்.

"அந்த ஓரத்துல ஒக்காந்தா கொடுமக்கார மாமியா வாய்ப்பா டீச்சர்."

"யார் சொன்னது?"

பெஞ்சே வாயை மூடிக்கொண்டது. இது அற்ப விஷயம் என்று விட்டுவிட்டேன். மறு வருஷம் வந்த பெண்களும் அதே மாதிரி நெருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் வருஷம் தலைப்பிரசவத்துக்கு அழகம்மையைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்த பள்ளிக்கூடத்தக்கா, அவளைக் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிவந்தார். வயிறு நிறைந்திருந்தது. முகம் மெலிந்திருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நேரே போய்ச் சன்னலோரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். பலகையைத் தடவிப் பார்த்தாள். அதன் மறுகோடி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. இந்தக் கோடியில் இழைப்புளியின் தடம் கூட அப்படியே இருந்தது.

"சொன்னபடிக்குத்தான் இருக்கு" என்றாள்.

"என்ன சொன்னபடி?"

"அன்னைக்குப் பள்ளிக்கூடத்தக்கா குச்சிலு ஓரமா வந்து சொன்னாக டீச்சர். அந்தப் பெஞ்சுல சன்னலோரம் ஒனக்கு எடம் போட்டாச்சு, நீ வந்து ஒக்காருற வரைக்கும் வேற ஆரும் ஒக்கார மாட்டாகன்னு. சும்மா சொல்றாகன்னு நெனச்சேன்."

நான் பள்ளிக்கூடத்தக்காவைப் பார்த்தேன். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"அந்த இடத்தைப் பற்றி இந்தப் பிள்ளைகளிடம் ஒரு பேச்சு இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே அழகம்மையிடம் சொன்னேன். "அங்கே உட்காருகிறவளுக்குக் கொடுமைக்கார மாமியார் வாய்ப்பாளாம்."

"அது வாச்சிருச்சு டீச்சர்" என்றாள் அவள், சாதாரணமாக. "இனிமே ஒக்காந்தா என்ன?"

சிரிக்கத்தான் சொன்னாள். கையைத் தூக்கிச் சன்னல் கம்பியைப் பிடித்தபோது கண்ணாடி வளையல்கள் சரிந்தன. முழங்கைப் பக்கம் ஆறிய சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. உடனே கையை இறக்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தக்கா அதைப் பார்த்துவிட்டார். துணியைக் கையில் வைத்தபடியே நின்றார். எந்த வாசலிலும் ஒரு சொல்லுக்குத் தடுமாறாதவர். அன்று அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிப்போகும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் நான் போனபோது ஐந்தாம் வகுப்பில் ஒரே கூச்சல். சன்னலோரத்து இடத்துக்காகச் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி சண்டை?"

"இன்னிக்கு என் முறை டீச்சர்! அந்த ஓரத்துல ஒக்காந்தவுகளுக்குத் தங்கமான மாமியா வாய்ப்பாளாம். இனிமே எல்லாருக்கும் அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தக்கா இப்பத்தான் சொல்லிட்டுப் போனாக."

வாசலில் எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டதும் மரத்தடியில் உட்காருகிறவர், அன்று உட்காரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அழகம்மையைக் கட்டிக்கொடுத்த கொடும்பாளூருக்குப் போகும் வண்டித்தடத்தில் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.